ஏடு தொடங்கும் வயது எது?

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

தாமிரபரணிக் கரையில் அமைந்த எங்கள் ஊராகிய ஸ்ரீவைகுண்டத்துக்குப் பெருமைகள் பல உண்டு. நவதிருப்பதிகளுள் முதலாவதாக எண்ணப்படுவது இவ்வூர். பொருநையாற்றின் கடைசி அணைக்கட்டும் இங்கேதான் இருக்கிறது. ஆயினும் எனக்கு மிகவும் பிடித்த பெருமை, ஐந்து வயது வரை வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாத ஒரு குழந்தை இங்கே பிறந்தது என்பதே. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரரைத்தான் சொல்கிறேன். பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்றனர் என்றும், அங்கே பேச்சு வந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்றும் அவருடைய வரலாறு கூறும். பின்னாளில் அவர் காசிக்குச் சென்றார். அங்கே தேவைப்பட்டபோது இந்துஸ்தானி மொழியையும் கற்றுக்கொண்டார் என்பர்.

அக்குழந்தை இன்று பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று வயது முடிந்ததும் கழுத்தில் சுருக்குப் பட்டையும் காலில் பூட்சும் மாட்டி ஒரு நர்சரிப் பள்ளியின் அலுவலக அறையில் நிறுத்தியிருப்பார்கள். "வாட் இஸ் யுவர் நேம்?" என்ற கேள்விக்கு விடை வந்திராது. குழந்தைகளையும் பெற்றோரையும் சோதித்துச் சேர்க்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லத்தான் சொல்கிறது. "சோதனை இல்லை, சும்மா பேசிப் பார்க்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே சோதிப்பவர்களை அச்சட்டம் என்ன செய்யும்?

மழலையர் பள்ளி வேண்டுமா, வேண்டாமா, எழுத்தும் கணக்கும் எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பதைப் பற்றி என் எண்ணத்தை எழுத விழைகிறேன். இது கல்வியியல் அறிஞர்கள் பேச வேண்டிய பொருள் என்று பேராசிரியப் பெருமக்கள் கருதலாம். எங்கள் வீட்டில் இந்த ஆண்டு முழுவதும் இதைப் பற்றித்தான் பேச்சு. ஆகவே எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

நம் முன்னோர் குழந்தைக்கு ஏடு தொடங்குவதை ஒரு சடங்காகவே செய்தனர். விசயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைப்பர். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய பின்னரே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வருவர். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளி வயதை அறிய ஓர் எளிய வழி இருந்தது. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வர். தொட்டால் ஒன்றாம் வகுப்பு; தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வா என்று அனுப்பிவிடுவர். என் தாத்தா இப்படித்தான் சேர்ந்தாராம். முதல் ஆண்டு தொடவில்லை என்று திருப்பி அனுப்பியதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

படித்தவர்கள் இதைக் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். விலங்கியல் படிக்கும் எனக்கு இதில் கேலிக்கு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தலையே. வளர்ந்த மனிதனுக்கு அது எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. கை நீண்டு, தலையின் விகிதம் குறைந்து, விரல் மறுகாதை எட்டுவது பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில்தான். அந்த வாத்தியார்கள் உடற்கூற்றியல் படித்தவர்கள் அல்லர். எனினும் அவர்கள் அளந்தது உண்மையான ஓர் அளவையே.

கையைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எல்லாம் குருத்தெலும்பாகவே இருக்கும். பின்னர் ஒவ்வொன்றாக எலும்பாகும். மூன்று வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றுள் மூன்றோ நாலோதான் தெரியும். ஆறு வயதை ஒட்டி ஏழு தெரியும். பட்டாணி போன்ற எட்டாவது எலும்பு தோன்ற இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். மருத்துவர்கள் சிறுவர்களின் வயதைக் கணிப்பதற்கு இந்தப் படத்தையே பார்க்கின்றனர். எலும்பு முற்றாத கை எழுதவே இயலாது என்று நான் சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறது, எழுதவைக்கிறார்கள். ஆனால் அந்தக் கைக்கு ஏற்ற வேலை களிமண் பிசைவதும், மணலை அள்ளிக் கொட்டுவதும், புளியங்கொட்டை பொறுக்குவதும் அன்றோ? நான்கு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கோடு போடுவது எப்படி அதன் வேலை ஆகும்?

அப்படியானால் ஐந்து வயது வரை குழந்தை வீட்டிலேயே இருக்கட்டும் என்று சிலர் சொல்கின்றனர். தாய்மடியே முதற்பள்ளி என்று மேடையில் பேசுவதற்கு அது நன்றாக இருக்கும். எந்த வீட்டில்? யாருடைய மடியில்? எங்கள் தெருவில் நடுகைக் காலத்தில் காலை ஏழு மணிக்குமேல் ஒரு பெண்ணையும் வீட்டில் பார்க்க முடியாது. கைக்குழந்தை வரப்போரத்தில் வேப்பங்கிளையில் கட்டிய தூளியில் கிடக்கும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கு அதுவும் இல்லை. வாய்க்கால் தண்ணீர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வீட்டில் மூத்த பெண்ணொருத்தி நிற்க வேண்டியதாகிறது. என் தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றது படிப்பு வராததால் அன்று. தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால். மழலையர் பள்ளியின் முதல் பயன் அங்கே போகும் குழந்தைக்குக் கிடைப்பதைக் காட்டிலும் அதன் அக்காவுக்கே கிடைக்கிறது என்று நான் சொன்னால் அது மிகையன்று.

மேலை நாட்டிலும் இதே கதைதான். இன்று 'மாண்டிசோரி' என்ற பெயர்ப் பலகையைக் கண்டால் கட்டணத்தை எண்ணி நம்மவர் அஞ்சுகின்றனர். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு ஜனவரியில் ரோமாபுரியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது செல்வர்களுக்காக அன்று. சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனபின் தனித்து விடப்பட்ட பிள்ளைகள் புதிதாய்ப் பூசிய சுவர்களைப் பாழாக்கினர். அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று கட்டட உரிமையாளர்கள் யோசித்ததன் விளைவே அந்த இல்லம். அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, முதல் வகுப்பிலேயே ஏறத்தாழ 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் ஐரோப்பாவுக்குத் திரும்ப இயலாமல் 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் இரண்டாண்டுகள் வாழ்ந்தார். தம் பள்ளியில் நாலு வயதுப் பிள்ளைகள் தாமாகவே எழுதத் தொடங்கியதை அவர் வியந்து எழுதியிருக்கிறார். எனவே சிறு குழந்தை எழுத்தைத் தொடவே கூடாது என்பது என் கட்சியன்று. தானே வந்து தொடுவது வேறு, கையைப் பிடித்து இழுத்து எழுதவைப்பது வேறு.

நம் மாநிலத்தில் ஏழைக் குழந்தையின் பள்ளி எப்போதும் சோற்றோடு சேர்ந்தே வந்திருக்கிறது. காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் அன்று நம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தைச் சில வட்டாரங்களில் தொடங்கிற்று; அங்கன்வாடி என்ற சொல் அதனோடு பரவியது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தை ஏற்படுத்தியபோது, ஒன்றாம் வகுப்புக்கு வராத இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதில் இடம் வைத்தார். இன்று மாநிலத்தில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. எங்கள் ஊரில் கிழவிகள் இன்னமும் அதைப் 'பால்வாடி' என்றுதான் சொல்கிறார்கள்.

நான் படித்த முதல் பள்ளியும் அதுதான். ஒரே அறை, ஒரு ஜன்னல், சுவரில் யானையும் மயிலும். அங்கே எனக்கு ஒரு எழுத்தும் கற்பித்ததாக நினைவில்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார வேண்டும் என்று கற்றேன். முட்டையைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பிய்த்துக் கொடுக்கவும், சில நாள் கொடுக்காமல் இருக்கவும் கற்றேன். இன்னொன்றும் உண்டு. அந்தக் கட்டடம் எங்கள் தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் நடுவில் இருந்தது. இரு தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் படுத்து உறங்கினோம். அப்படி ஒரே பாயில் படுக்கும் வாய்ப்பு எங்கள் ஊரில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இப்போது காலை எட்டு மணிக்கு மேலத்தெரு முனையில் மஞ்சள் வேன் வந்து நின்று பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறது. அந்தப் பாயில் எந்தத் தெருப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்ற ஜூன் மாதம் அந்த வேன் எங்கள் தெருவுக்கும் வந்தது. என் அக்காள் தன் மகனை ஒரு ஆங்கிலப் பள்ளியில் எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டாள். கட்டணம் ஆண்டுக்கு ரூ. 28,000, வேனுக்குத் தனி. அத்தான் வாழைத்தார் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கம்மல் அடகுக்குப் போயிற்று. "அங்கன்வாடி பத்தடி தூரத்தில் இருக்கிறதே, அக்கா" என்றேன். அவள் சொன்ன விடையை அப்படியே எழுதுகிறேன்: "அங்க சோறு போடுதாவ, தூங்க வைக்காவ. அதுக்கு நம்ம வீடே போதும்லா? நீ பன்னெண்டு வரைக்கும் தமிழ்ல படிச்சே. காலேஜ்ல மொத வருசம் அந்தப் புஸ்தகத்தை வச்சிக்கிட்டு ராத்திரி எல்லாம் அழுதியே, நான் பாக்கலையா? எம் புள்ளைக்கு அந்த நெலம வரக்கூடாது."

இந்த விடையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் வகுப்பறைகளில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் எல்லாருக்கும் அந்த இரவுகள் தெரியும். குமரகுருபரர் வளர்ந்த பின்னரே இந்துஸ்தானி கற்றார் என்று எடுத்துச் சொன்னேன். "அவருக்குக் கலைமகள் வந்தா, நமக்கு வேன்தான் வருது" என்றாள். அவள் பத்தாம் வகுப்புத்தான் படித்தவள். பேச்சில் என்னை வென்றுவிடுவாள்.

ஆனால் என்னை அழவைத்தது மூன்று வயதில் ஆங்கிலம் தொடங்காமை அன்று. ஒன்றாம் வகுப்பு முதல் எனக்கு ஆங்கிலப் பாடம் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அதை உரையாசிரியர் நோட்டிலிருந்து மனப்பாடம் செய்தேனே அன்றி, யாரும் என்னோடு ஆங்கிலத்தில் பேசவில்லை, என்னைப் பேசவிடவும் இல்லை. நோய் அங்கே இருக்க, மருந்தை மூன்று வயதுக் குழந்தைக்குக் கொடுக்கிறோம்.

அந்த மருந்து எப்படி இருக்கிறது என்பதை மாலைதோறும் பார்க்கிறேன். அவனுக்கு மூன்றரை வயது. 'ஸ்டாண்டிங் லைன்' ஒரு பக்கம், 'ஸ்லீப்பிங் லைன்' ஒரு பக்கம், பிறகு பெரிய 'ஏ' ஒரு பக்கம். பென்சிலைக் கைப்பிடிக்குள் கத்தியைப் போலப் பிடித்துக்கொள்கிறான். அக்காள் அவன் கையின்மேல் தன் கையை வைத்து எழுதுகிறாள். எழுதுவது அவள்தான் என்பது பள்ளிக்கும் தெரியும். ஒரு நாள் நனைந்த காற்சட்டையோடு வேனிலிருந்து இறங்கினான். வெளியே போக வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னார்களாம். அந்த வாக்கியம் அவனுக்கு மறந்துவிட்டதாம். வயலில் மயில் இறங்கினால் அது எங்கிருந்து வந்தது, அதன் அம்மா எங்கே என்று வாய் ஓயாமல் கேட்கும் பிள்ளை அவன்.

மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. நர்சரிப் பள்ளிகளின் துண்டறிக்கைகளிலும் இப்படிப்பட்ட கணக்குகளைக் காண்கிறோம். மூளை வளரும் காலம் என்பதால் உடனே நோட்டுப் புத்தகத்தைத் திற என்பது எப்படிப் பெறப்படும்? நாற்றங்காலில் பயிர் வேகமாக வளர்கிறது என்பதற்காக அங்கேயே கதிர் அறுக்க எவரும் நினைப்பதில்லை. அதே கொள்கை அந்த வயதுக்கு விளையாட்டு வழிக் கல்வியைத்தான் சொல்கிறது. துண்டறிக்கையில் அந்தப் பகுதியைக் காணோம். இது புதிதாகக் கண்ட உண்மையும் அன்று. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் தம் முதற்பேச்சில் குழந்தைகளின் புத்தக மூட்டையைப் பற்றியே பேசினார். அதன் பின் அமைந்த யஷ்பால் குழு 1993இல் தந்த அறிக்கை, நர்சரிச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் வைப்பதை ஒழிக்கச் சொன்னது. சின்னஞ்சிறு குழந்தைகளின்மேல் எழுத்தையும் எண்ணையும் அளவுக்கு மீறித் திணிப்பதை வன்முறை என்ற சொல்லாலேயே அது குறித்தது.

முன்னதாகத் தொடங்கியவர் முன்னதாகச் சென்று சேர்வாரா? நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பதினொரு வயதளவில் வாசிப்புத் திறனில் வேறுபாடு காணப்படவில்லை. பின்லாந்தில் ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஏறத்தாழ மூவாயிரம் ஏழைக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தனர். அரசின் முன்பருவப் பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள், ஆறாம் வகுப்பில், இடம் கிடைக்காதவர்களைவிடப் பின்தங்கியிருந்தனர். இப்படிச் சொன்னால் மழலையர் பள்ளியே வீண் என்று ஆகிவிடாதா? ஆகாது. அதே நாட்டில் இப்சிலாண்டி என்னும் ஊரில் 1962இல் தொடங்கிய பெரி பள்ளி ஆய்வு வேறு கதை சொல்கிறது. வறிய கறுப்பினக் குழந்தைகள் 123 பேருள் 58 பேருக்கு, அவர்களே திட்டமிட்டு விளையாடும் முறையில் அமைந்த ஒரு நல்ல மழலையர் பள்ளி கிடைத்தது. நாற்பது வயது வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். அறிவுச் சோதனையில் தொடக்கத்தில் கண்ட உயர்வு சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ஆனால் பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும் அந்த 58 பேரிடையே மிகுதி; சிறைக்குச் சென்றவர்கள் குறைவு. ஆக, பள்ளி என்ற பெயரில் குழந்தைக்கு எது கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

அமெரிக்காவுக்குப் போவானேன்? நம் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. அதை நம்மவர் அதிகம் பேசாதது எனக்கு வியப்பாக உள்ளது. கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியல் அறிஞர்கள், நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களில் மட்டும் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பெண்ணை அமர்த்தச் செய்து பார்த்தனர். அப்பெண்கள் உள்ளூர்க்காரர்கள், நெடும் பயிற்சி பெற்றவர்களும் அல்லர். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசவும், பாடவும், எண்ணவும் செய்வது ஒன்றே அவர்கள் வேலை. ஒன்றரை ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, அம்மையங்களில் முன்பருவக் கல்விக்குச் செலவிடும் நேரம் இரு மடங்காகியிருந்தது. மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறியிருந்தனர். இன்னும் ஒரு பயன் விளைந்தது. பழைய பணியாளருக்குக் கை ஓய்ந்ததால் அவர் ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க முடிந்தது. மையத்தில் தொடர்ந்து இருந்த பிள்ளைகளிடையே வளர்ச்சி குன்றுதலும் குறைந்தது.

எங்கள் மையத்துப் பணியாளர் அக்காவைப் பார்ப்பவர்களுக்கு இதில் வியப்பிராது. அவர் குழந்தைகளை எடை பார்க்க வேண்டும். கருவுற்ற பெண்களின் பதிவேட்டை எழுத வேண்டும். சத்துமாவு வழங்க வேண்டும். சொட்டு மருந்து நாளில் வீடு வீடாகப் போக வேண்டும். அத்தனையையும் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்கவில்லை என்றால் கோயில் வாசலுக்குப் போய் ஏற்ற வேண்டும். இவ்வளவுக்கும் இடையில் கதை சொல்லவில்லை, பாட்டுச் சொல்லவில்லை என்று என் அக்காள் குறைப்படுகிறாள். இரண்டு பெண்களும் சொல்வது உண்மைதான்.

இப்போது சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயலச் சொன்னது. 'ஆறு வயது முதல்' என்று அதில் இல்லை. 2002ஆம் ஆண்டில் 86ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கிற்று, எல்லாரும் கைதட்டினர். அந்த உரிமை ஆறு முதல் பதினான்கு வரைக்கே. ஆறுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 'அரசு முயலும்' என்பதோடு நின்றது. 2009ஆம் ஆண்டுச் சட்டமும், மூன்று முதல் ஆறு வயதினருக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்றுதான் சொல்கிறது. செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அதே சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. இருந்தால், அதில் கால் பங்கு இடம் நலிந்த பிரிவினருக்கு. அதற்குப் பணம் கட்டுவது அரசு. தன் வீட்டில் அடுப்பு மூட்டக் கடமை இல்லை, பக்கத்து வீட்டுச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கக் கடமை உண்டு என்பது போன்ற நீதி இது.

அரசுப் பள்ளியிலும் எல்.கே.ஜி. வந்தது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் அவ்வகுப்புகளைத் தொடங்கினர். 2022 ஜூனில் மூடப்போவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் தொடரும் என்றனர். மாதம் ரூ. 5,000 தொகுப்பூதியத்தில் ஆசிரியைகளை நியமிக்க முடிவாயிற்று. அக்காள் வேன் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டும் தொகையை மாதக் கணக்காக்கிப் பார்த்தேன். ஏழெட்டுப் பெற்றோர் பள்ளிக்குக் கொடுப்பதில் நாலில் ஒரு பங்கைக்கூட ஓர் ஆசிரியைக்குக் கொடுக்க அரசுக்கு மனம் வரவில்லை.

ஒன்றாம் வகுப்பை ஐந்து வயதில் தொடங்குவதா, ஆறு வயதிலா என்று நடுவண் அரசும் மாநிலங்களும் வழக்காடுகின்றன. 2020ஆம் ஆண்டுக் கொள்கை ஆறு என்கிறது. நம் மாநில வழக்கம் ஐந்து. எலும்பைக் கேட்டால் ஆறு என்று சொல்லும். நானும் எழுத்து வேலைக்கு ஆறையே சொல்வேன். ஆனால் அங்கன்வாடியை இன்றுள்ள நிலையிலேயே விட்டுவிட்டு வயதை மட்டும் ஆறாக்கினால் என்ன நடக்கும்? வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு யு.கே.ஜி.யில் இன்னோர் ஆண்டு. எங்கள் தெருக் குழந்தைக்கு வரப்பில் இன்னோர் ஆண்டு. ஆகவே முதலில் மூன்று வயது முதல் ஒவ்வொரு மையத்திலும் பேசவும் பாடவும் இரண்டாவது ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பிழைக்கத்தக்க ஊதியம் வேண்டும். அதன் பிறகு வயதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வழக்காடலாம்.

அக்காள் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. அத்தான் என் பக்கம். ஆனால் அவருடைய காரணம் கம்மல்.

நிறைவாக நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலருக்கு ஒரு விண்ணப்பம். சென்ற முகாமில் ஏழு நாளும் சீமைக் கருவேலம் வெட்டினோம். அது மீண்டும் முளைத்துவிட்டது. இந்த முறை எங்கள் குழுவை மட்டுமாவது அங்கன்வாடிக்கு அனுப்பலாம். பணியாளர் அக்காவிடம் கேட்டுவிட்டேன். காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை வரலாம், நோட்டும் பென்சிலும் கொண்டு வராதீர்கள் என்றார். குழந்தைகள் இருபத்திரண்டு பேர். நரிக் கதையும் குரங்குக் கதையும் தெரிந்தவர்கள், களிமண்ணில் பொம்மை செய்யத் தெரிந்தவர்கள், பாடக் கூச்சப்படாதவர்கள் விலங்கியல் துறையில் பெயர் கொடுக்கலாம். மாணவர்களும் வரலாம், அங்கே ஆண்குரலில் கதை கேட்டே பல நாள் ஆயிற்றாம்.